மாமியாருக்குப் போன பில்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கிடந்த ஒரு பில்லைப் பார்த்துத்தான் இந்தக் கதை பிறந்தது. "ஃபேனைக் குறைத்தல்: இரண்டு மணி நேரம்" என்று அதில் இருந்தது. என்னவென்று கேட்டால் வீட்டுக்காரர் பேச்சை மாற்றினார். மீதி என் கற்பனை.

தொடக்க வரி: "அன்று வானம் இருண்டு கிடந்…" வேண்டாம். பில்லுக்கும் வானத்துக்கும் என்ன சம்பந்தம்?

2

மருமகள் ஒருத்தி. முதியவர்களைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கே ஆள் அனுப்பும் நிறுவனத்தில் ஷிஃப்ட் போடுவது அவள் வேலை. யார், எங்கே, எப்போது என்று அவள் கட்டங்களை நிரப்பினால், வாடிக்கையாளரிடம் எவ்வளவு வாங்குவது என்று மென்பொருளே கணக்குப் போட்டுவிடும். பகலுக்கு ஒரு கட்டணம், இரவுக்குக் கூடுதல், ஞாயிற்றுக்கிழமைக்கு அதைவிடக் கூடுதல். ஐந்து நிமிட வேலைக்கும் குறைந்தபட்சம் இரண்டு மணி நேரக் கட்டணம் உண்டு.

(கொட்டாவி விடுகிறவர்கள் விடலாம். எனக்கும் வந்தது.)

3

மென்பொருளைப் புதுப்பித்தார்கள். ஞாயிறு இரவு என்றால் இரண்டு கூடுதலையும் சேர்க்கிறதா, பெரியதை மட்டும் எடுக்கிறதா என்று மருமகள் சோதிக்க வேண்டும். நிஜ வாடிக்கையாளர் பெயரில் விளையாடினால் வேலை போய்விடும். பொய்ப் பெயர் போட்டாலோ மின்னஞ்சல் கொடு, முகவரி கொடு என்று மென்பொருள் உயிரை வாங்கும். எனவே வாடிக்கையாளர்: மாமியார். பணியாளர்: தான். வேலைகள்: மாத்திரை கொடுத்தல், போனில் எழுத்தைப் பெரிதாக்குதல், ஃபேனைக் குறைத்தல், மறுபடி கூட்டுதல்.

பெரியதை மட்டும்தான் எடுத்தது, அதுதான் சரி. அந்தச் சந்தோஷத்தில் 'அழி' என்பதற்குப் பதிலாக 'ஒப்புதல்' என்பதை அழுத்திவிட்டாள். ஒப்புதல் கிடைத்த ஷிஃப்டுக்கு பில் தானாகவே வாடிக்கையாளரின் மின்னஞ்சலுக்குப் போய்விடும். போய்விட்டது.*

* கணவன் எங்கே என்று கேட்காதீர்கள். இந்தக் கதையில் அவனுக்கு ஷிஃப்ட் போடவில்லை.

4

மாமியார் என்றதுமே நீங்கள் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். நானும் வந்தேன். "கண்ணில் நீர் தளும்ப அவர் தன் பெட்டியை…" என்று எழுதி அடித்தேன். அவர் அழுகிற ரகம் இல்லை. ஆனால் சொந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, போன மாதம்தான் இங்கே வந்து சேர்ந்தவர். பாரமாகிவிட்டோமோ என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து பில் வந்தால் யாருக்குத்தான் வலிக்காது?

மருமகள் வீட்டுக்குள் காலை வைத்ததும் கேட்டார்.

"ஃபேனைக் குறைச்சதுக்கு ரெண்டு மணி நேரமாம்மா?"

சோதனைக்காகப் போட்டது என்று அவள் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நாள் முழுக்க வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய் ஆயிற்றே.

"அது குறைந்தபட்சக் கட்டணம் அத்தை. சிஸ்டம் சரியாத்தான் போட்டிருக்கு."

(பாவி மகளே! நான் எழுதிக் கொடுத்த வசனம் இது இல்லை.)

5

மாமியார் தலையாட்டினார். கணக்கு என்றால் கணக்கு, தன்னையும் ஆளாகப் போடச் சொன்னார். பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்தது, மழைக்கு முன்னால் துணி எடுத்தது, ஞாயிறு இரவு அவளைத் தூங்கவைத்தது என்று வரிசையாகச் சொன்னார். மருமகள் வேர்க்க விறுவிறுக்கக் கணினியைத் திறந்தாள். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, விரல்தான் வந்தது.

மென்பொருள் மறுத்தது. ஒருவர் வாடிக்கையாளராக இருக்கலாம் அல்லது பணியாளராக இருக்கலாம், ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் என்றது.

மாமியார் திரையருகே குனிந்து படித்தார்.

"ரெண்டும் வேண்டாம்னா, இந்த வீட்டுல நான் யாரும்மா?"

6

மருமகளின் பதிலை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள், ரொம்ப சினிமா. இன்னொன்றில் "நீங்க எங்க அத்தை" என்றாள், அது அவருக்கே தெரியும். மூன்றாவதில், "அத்தை, அது வந்து…"

எனக்கு வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள், அவர் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.