தனி அடுப்பு

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் படிவம் தபாலில் வரும். நீங்கள் இன்னும் ஏழைதானா என்று கேட்க எட்டுப் பக்கம். சம்பளம் கூடியதா, வீடு மாறினீர்களா, யாராவது பிறந்தார்களா, செத்தார்களா. பத்தாம் தேதிக்குள் பதில் போய்ச் சேராவிட்டால், மளிகைக்காக அரசாங்கம் மாதாமாதம் பணம் போடும் உணவு அட்டை நின்றுவிடும். அம்மா ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு துவைக்கிறவள். எட்டு மணி நேரம் வெந்நீர் ஆவியில் வெந்து அவள் வாங்கும் சம்பளம் வாடகைக்கும் கரண்டுக்கும் மாத்திரைக்கும் சரியாகப் போய்விடும். வயிறு அந்த அட்டையை நம்பித்தான் இருந்தது.

இதுவரை படிவத்தை எழுதிக் கொடுத்தவர் அலுவலக வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் மனு எழுதுகிறவர். இந்த முறை அம்மா அவரிடம் போகவில்லை. "எங்க வீட்டுலயே ஆபீசர் இருக்கா" என்று சலவைக்கூடம் முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டு வந்திருந்தாள். ஆபீசர் என்றால் மகள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். பட்டத்தை வைத்துக்கொண்டு ஏழு மாதமாக வேலை தேடிக்கொண்டிருந்தாள். பின்னறையில் இருக்கும் அத்தை கிண்டலுக்கு வைத்த பெயர் அது. அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஏழாவது கேள்வி: உங்கள் குடும்பத்தில் உள்ளவர்கள் யார் யார்?

"நீ, நான். ரெண்டே பேர்" என்றாள் அம்மா, வெடித்த விரல்களில் எண்ணெய் தடவிக்கொண்டே.

"அத்தை?"

"அவ தனி அடுப்பு. மனு எழுதுறவர் எப்பவும் அப்படித்தான் எழுதுவார்."

"அடுப்பையா கேக்கறாங்க? ஆளைக் கேக்கறாங்கம்மா. ஒரே வாசக்கதவு, ஒரே குழாய், ஒரே கக்கூஸ். அத்தை இல்லைன்னு எழுதினா அது பொய்."

"என்னடி பொய்? அவ வடிச்ச சோத்துல ஒரு பருக்கை தொட்டிருப்பேனா நான்? நாலு வருஷமாச்சு."

"அது உங்க ரெண்டு பேர் கோவம். அதுக்கு கவர்மெண்ட் என்ன பண்ணும்? அந்த ஆளு உன்னைப் பொய் எழுத வச்சிருக்காரு. மாட்டினா ஜெயிலுக்கு அவரா போவாரு?"

ஜெயில் என்றதும் அம்மா அடங்கிப் போனாள். "படிச்சவ. உனக்குத் தெரியாததா" என்று எண்ணெய்ப் பாட்டிலை மூடினாள்.

மகள் பின்னறைக்குப் போய் அத்தையிடம் சம்பளச் சீட்டைக் கேட்டாள். அத்தை தையல் ஆலையில், பட்டன் ஓட்டை தைக்கும் காஜா மெஷினில் வேலை செய்கிறவள். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. தலையணை உறைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள். மகள் அதைப் பார்த்து எழுதினாள், அடித்தல் திருத்தல் இல்லாமல், முத்து முத்தாக. எட்டாம் பக்கத்தின் பின்னால் பொடி எழுத்தில் ஒரு விளக்கக் குறிப்பு இருந்தது. மூன்று வருஷம் புத்தகம் புத்தகமாகப் புரட்டியவள் அந்த ஒரு பக்கத்தைப் புரட்டவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணம் கட்டாமல் அண்ணனோடேயே இருந்துவிட்டவள். அப்பா செத்த மூன்றாம் மாதம் குக்கர் மூடியின் பிடி உடைந்தது. அண்ணி கீழே போட்டாள் என்றாள் அத்தை. இவள்தான் ஓங்கி அடித்தாள் என்றாள் அம்மா. ஒரு கைப்பிடிக்காக மனுஷர்கள் அவ்வளவு பேச மாட்டார்கள். அப்பாவின் சாவை எதன் தலையிலாவது போட வேண்டியிருந்தது, குக்கர் அகப்பட்டது. அன்றைக்கே அத்தை ஒற்றை அடுப்பு ஒன்று வாங்கிப் பின்னறையில் வைத்தாள். போகும்போது குக்கரைத் தூக்கிக்கொண்டு போனாள், மூடியை அம்மா விடவில்லை. பானை அங்கே, மூடி இங்கே. நாலு வருஷமாக இரண்டு வீட்டிலும் குக்கர் இல்லை.

பேச்சும் மகள் வழியாகத்தான்.

"தண்ணி வந்துருச்சுன்னு சொல்லு உங்க அத்தைகிட்ட" என்பாள் அம்மா. அத்தை பக்கத்தில் குடத்தோடுதான் நிற்பாள்.

"எனக்கும் கண்ணு இருக்குன்னு சொல்லு உங்க அம்மாகிட்ட."

படிவம் போன அடுத்த மாதம், கடையில் பில் போடும் பெண் அட்டையை மூன்று தடவை தேய்த்தாள். நாலாவது தடவை தாவணியில் துடைத்துவிட்டுத் தேய்த்தாள். "எடுக்கலை அக்கா." பின்னால் ஆறு பேர் நின்றார்கள். அம்மா கூடையோடு அடுக்குப் பக்கம் திரும்பினாள். முட்டையைத் திரும்ப வைத்தாள். பருப்பை வைத்தாள். அரிசிப் பையை அவளால் தூக்க முடியவில்லை, மகள்தான் தூக்கிக்கொண்டு போய் அடுக்கில் வைத்தாள். அந்தப் பையின் கனம் ரொம்ப நாள் அவள் கையை விட்டுப் போகவில்லை.

வீட்டில் கடிதம் காத்திருந்தது. குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டதாம்.

"நான் சொன்னேன்ல" என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மகள் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு அழுதிருப்பாள். அம்மா சொல்லவில்லை. டப்பாவின் அடியில் இருந்த அரிசியைத் தட்டிக் கஞ்சி வைத்தாள்.

அந்த வீட்டுச் சுவர் காகிதம் மாதிரி, டப்பா தட்டிய சத்தம் பின்னறைக்குக் கேட்டிருக்கும். மறுநாள் சாயங்காலம் அத்தை ஒரு கையில் அரிசியும் மறு கையில் குக்கருமாக முன்னறைக்கு வந்து நின்றாள்.

"மூடி எங்க அண்ணி?"

நாலு வருஷத்தில் முதல் பேச்சு. அம்மா பரண் மேல் கைவிட்டுத் துழாவினாள். தூசியும் ஒட்டடையுமாக மூடி வந்தது. அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல என்ன அப்படி ஒரு கஷ்டம்? ஒரு திருகாணிதானே" என்றாள். மறுநாள் ஆலை மெக்கானிக்கிடம் கெஞ்சி ஒரு பிடி வாங்கி வந்து மாட்டினாள். அதற்கடுத்த நாள் அவளுடைய ஒற்றை அடுப்பும் முன்னறைக்கு வந்துவிட்டது.

மூன்று வாரம். மகள் பிற்பாடு அந்த மூன்று வாரத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தாள். அம்மா நறுக்குவாள், அத்தை தாளிப்பாள். மூன்று விசிலா நாலு விசிலா என்பதில் தினமும் வழக்கு.

"மூணு போதும். குழைஞ்சா எனக்குத் தொண்டைல இறங்காது."

"உங்களுக்கு அண்ணி, பல்லு இருக்கு. என் கடவாய்ப் பல்லு நாலும் போயாச்சு. ஒரு பல்லுக்கு ஒரு விசில்."

அம்மா சிரித்ததில் புரையேறிவிட்டது. அத்தை அவள் தலையில் தட்டினாள், கொஞ்சம் பலமாகவே.

ஆனால் அத்தையின் சம்பளம் ஒரு வயிற்றுக்கானது. மூன்றாவது வாரம் ஆலையில் ஓவர்டைமையும் நிறுத்திவிட்டார்கள். இரவில் "எனக்குப் பசியில்ல" என்று மூன்று பேரும் மாறி மாறிச் சொல்ல ஆரம்பித்தார்கள். மகள் அலுவலகத்துக்குக் கிளம்பினாள்.

வாசலில் மனு எழுதுகிறவர் ஸ்டூலில் இருந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு மணி நேரம் கழித்து மூன்றாம் நம்பர் கவுண்டரில் அழைத்தார்கள். அங்கிருந்த அம்மாள் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் விரலை வைத்தார்.

"படிச்ச பொண்ணாத் தெரியுது. இதைப் பாக்கலையா? ஒரே வீட்டுல இருந்தாலும் தனியா வாங்கித் தனியா சமைச்சா அவங்க தனிக் குடும்பம். போன தடவை சரியாத்தானே எழுதியிருக்கு, தனி அடுப்புன்னு. அது யார் எழுதினது?"

"வாசல்ல இருக்கறவர்."

"அவரு விவரமான ஆளு. இப்பவும் தனியாத்தானே சமைக்கறாங்க?"

பொய் எழுதக் கூடாது என்று அம்மாவிடம் அன்றைக்கு ஆடிய ஆட்டமெல்லாம் மகளுக்கு நினைவுக்கு வந்தது.

"ஆமா" என்றாள்.

"அப்போ உங்க அத்தை இதுல கையெழுத்துப் போடணும். பதினஞ்சு நாளைக்குள்ள வீட்டுக்கு ஆள் வரும். சொல்லாமத்தான் வரும். அடுப்பு, பாத்திரம், அரிசி டப்பா எல்லாம் தனித்தனியா இருக்கணும். அதுக்கப்புறமும் எப்ப வேணா வந்து பாப்பாங்க. தப்புன்னு தெரிஞ்சா ரெண்டு வருஷத்துக்கு அட்டை கிடையாது. புரியுதா?"

நன்றாகப் புரிந்தது. முறைத்துக்கொண்டு இருந்தால் சாப்பாடு, ஒட்டிக்கொண்டால் பட்டினி. இந்தச் சட்டத்தை எழுதியவன் வீட்டில் எத்தனை அடுப்பு என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்கவில்லை. காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்தாள். எழுதியவனைத் திட்டலாம், படிக்காமல் விட்டது யார்?

வீட்டில் சொன்னதும் அத்தைக்குத் தாங்க முடியாத சிரிப்பு.

"நல்ல கவர்மெண்டு! நாத்தனார் சண்டைக்கு மாசாமாசம் அரிசி குடுக்குதே."

"அட்டை வேணாம் போ" என்றாள் அம்மா. "இருக்கறதை மூணு பேரும் தின்னுட்டுக் கிடப்போம்."

"எதை இருக்கறதை? உங்களுக்கு சர்க்கரை, வெறும் வயித்துல மாத்திரை போட்டுட்டு வெந்நீர்த் தொட்டிக்குள்ள விழப் போறீங்களா?" அத்தை முந்தானையில் கையைத் துடைத்தாள். "எங்க போடணும் கையெழுத்து, ஆபீசர்?"

"அத்தை, என்னாலதான்..."

"எங்கன்னு காட்டுடி."

காட்டினாள். அத்தை ஒவ்வொரு எழுத்தாக, காஜா தைக்கிற நிதானத்தில் போட்டு முடித்தாள்.

ஒற்றை அடுப்பை மகள்தான் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னறையில் வைத்தாள். அரிசியைப் பிரித்து இரண்டு டப்பாவில் போட்டாள். குக்கரை எடுத்துக்கொண்டு அத்தை கிளம்பியபோது, அம்மா மூடியைத் துடைத்து அதன் மேல் வைத்து அழுத்தி மூடினாள்.

"இதையும் எடுத்துட்டுப் போ. இங்க தனியா வச்சு நான் என்ன செய்ய?"

ஒன்பதாம் நாள் ஆள் வந்தான். இரண்டு அடுப்பையும் போனில் படம் எடுத்தான். பருப்பு டப்பாவைக்கூட விடவில்லை. "உங்களுக்குள்ள குடுக்கல் வாங்கல் ஏதாவது உண்டா?" என்று கேட்டான்.

"எங்களுக்கு ஆகாது சார்" என்றாள் அம்மா. நாலு வருஷப் பழக்கம், குரல் பிசகவில்லை. பின்னறை வாசலில் நின்ற அத்தை அதைக் கேட்டு முகத்தை வெட்டித் திருப்பிக்கொண்டாள். அது நடிப்புத்தான் என்று மகள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அட்டை திரும்ப ஓடியது. முட்டை வந்தது, பருப்பு வந்தது. பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அந்த இரண்டு பேருக்கும் அடுப்பு முன்னால் நின்றுதான் பேச வந்தது. வாசலில் காலடி கேட்டாலே அத்தை தன் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு காலடி கேட்காதபோதும் கதவு சாத்தியே கிடந்தது. அடுத்த படிவம் வந்தபோது மகள் எட்டுப் பக்கத்தையும் பின்பக்கத்தையும் இரண்டு தடவை படித்தாள். குடும்பத்தில் ஏதேனும் மாற்றம் உண்டா என்ற இடத்தில் இல்லை என்று எழுதினாள்.

அதைத் தபாலில் போட்டுவிட்டு வந்த சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கத்தி நின்றது.

"ரெண்டு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மூணு. போதும்."

நாலாவதும் அடித்தது. அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். ஐந்தாவது.

"என்ன பண்றா இவ? தூங்கிட்டாளா? போய்ச் சொல்லேன்டி."

மகள் எழுந்து சாத்தியிருந்த கதவு வரைக்கும் போனாள். தட்டுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கேட்டுச்சு, கேட்டுச்சு. அணைச்சாச்சுன்னு சொல்லு உங்க அம்மாகிட்ட."

மகள் திரும்பி வந்தாள்.

"அணைச்சுட்டாங்களாம்" என்றாள்.