வாடகை கொடுக்காத ஆள்

பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போன பிறகு அப்பாவிடம் மிஞ்சிய ஒரே சொல் "ஆமா". சாப்பிட்டாயிற்றா என்றாலும் ஆமா, இன்னும் சாப்பிடவில்லையா என்றாலும் ஆமா. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த புதிதில் தம்பி இதை வைத்துக் கொஞ்சம் விளையாடினான்.

"அப்பா, வீடு எனக்குத்தானே?"

"ஆமா."

"அக்காவுக்கு ஒண்ணும் கிடையாதுதானே?"

"ஆமா."

அம்மா கரண்டியும் கையுமாக அடுக்களையிலிருந்து வந்து, "ஏண்டா, உனக்கு வேற வேலையே இல்லையா?" என்றாள். அப்பா அவளைப் பார்த்தும் "ஆமா" என்றார். அன்று எல்லோரும் சிரித்தோம். பிறகு அந்த விளையாட்டை யாரும் எடுக்கவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். பொறுமைசாலி. ஒருநாள் எங்களை உட்கார வைத்துச் சொன்னாள்: "புதுசா எதையும் சொல்லிக் குடுக்க வேண்டாம். ஏற்கெனவே அவர் நாக்குல ஊறிப்போனது எதுன்னு பாருங்க. பாட்டு, வாய்ப்பாடு, அடிக்கடி சொல்ற வசனம், எதுவானாலும் சரி. அந்த வழியா சில பேருக்கு வார்த்தை திரும்பும். திரும்பாமலும் போகலாம்."

கடைசியில் சொன்னதை அம்மா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "வசனம் ஒண்ணு இருக்கு" என்றாள்.

அது என்ன வசனம் என்று விளங்க, கேசட்டுகளிலிருந்து தொடங்க வேண்டும்.

நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது வாரம் ஒருமுறை ஒரு நகைச்சுவைத் தொடர் டிவியில் வந்தது. பூட்டு மாமா என்று ஒரு வீட்டுச் சொந்தக்காரர். குடியிருப்பவர்களை நம்பாமல் கண்ணில் பட்டதையெல்லாம் பூட்டி வைப்பவர். தண்ணீர்க் குழாய்க்குப் பூட்டு, மாடிப்படி விளக்குக்குப் பூட்டு, ஒருநாள் கோபத்தில் செருப்புக்குக்கூடப் பூட்டு. அப்பா ஒரு வாரம்கூட விடாமல் அதை வீடியோ கேசட்டில் பதிவு செய்தார்.

விளம்பரம் டேப்பைத் தின்றுவிடக் கூடாது என்பது அவர் சட்டம். மெஷினுக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, விளம்பரம் வந்ததும் பொத்தானை அழுத்திப் பதிவை நிறுத்துவார். முடிந்ததும் மறுபடி அழுத்த வேண்டும். அங்கேதான் ஒவ்வொரு முறையும் கோட்டை விடுவார். இடைவேளை முழுக்க, சற்றுமுன் பார்த்ததை எழுந்து நடித்துக் காட்டிக்கொண்டிருப்பார். "ஆரம்பிச்சுட்டான் பாருங்க" என்று அம்மா கத்திய பிறகுதான் பாய்ந்து வருவார். அப்பா லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டைத் தளத்தோடு நூல் பிசகாமல் நிறுத்தத் தெரிந்த மனிதருக்கு, இந்த ஒரு பொத்தானை நேரத்துக்கு அழுத்த வரவில்லை.

ஆகவே எங்கள் கேசட்டுகளில் எந்த இடைவேளைக்குப் பிறகும் முதல் ஒன்றிரண்டு வசனங்கள் இருக்காது. திரையில் கீழிருந்து மேலாக ஒரு வெள்ளைக் கோடு ஏறும். கதை ஒரு எட்டு தாண்டிப் போயிருக்கும். ஒளிபரப்பின்போதும் அப்பா போடும் சத்தத்தில் அவை யார் காதிலும் விழுந்ததில்லை.

அந்த ஓட்டையை அடைத்தவரும் அவரே. கேசட்டைத் திரும்பப் போட்டுப் பார்க்கும்போது, வெள்ளைக் கோடு ஏறியதும் ரிமோட்டால் படத்தை நிறுத்துவார். பூட்டு மாமாவின் மூக்குக் குரலில் விட்டுப்போன வசனத்தைச் சொல்லிவிட்டு மறுபடி ஓட விடுவார். தொடரில் உள்ளதைத்தான் சொல்கிறார் என்று நாங்கள் நம்பினோம். எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை.

பூட்டு மாமா தன் வீட்டுக்கு வெளியே தானே மாட்டிக்கொள்ளும் கதை ஒன்று உண்டு. கதவைத் தட்டுகிறார். உள்ளேயிருந்து மனைவி "யாரு?" என்கிறாள். இடைவேளை. திரும்பி வந்தால் அவள் கதவைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நடுவில் அப்பா சொல்லும் வசனம் இது: "இந்த வீட்டுல வாடகை குடுக்காத ஒரே ஆள் வந்திருக்கேன், கதவைத் தொற."

அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் அதுவே வழக்கமாகிவிட்டது. வேலை முடிந்து வந்து அப்பா கதவைத் தட்டுவார். அவர்தான் என்று தெரிந்தும் அம்மா "யாரு?" என்பாள். "வாடகை குடுக்காத ஆள்." "அப்ப நாளைக்கு வாங்க, இப்ப ஆள் இல்ல" என்று சொல்லிக்கொண்டே அவள் தாழ்ப்பாளை நீக்குவாள். கிரீஸ் வாசனை அவருக்கு முன்னால் உள்ளே வரும். சண்டை போட்ட நாட்களில்கூட இது தவறியதில்லை. குரல் மட்டும் கொஞ்சம் விறைப்பாக இருக்கும்.

அப்பாவுக்கு மற்ற வார்த்தைகள் வராவிட்டாலும் அம்மாவுக்குப் பரவாயில்லை. அந்த ஒன்று வேண்டும்.

அந்தத் தொடர் முழுவதும் இப்போது டிஸ்க்குகளாக வந்திருப்பதைத் தம்பி கண்டுபிடித்து வாங்கி வந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, அப்பாவுக்கு முதுகில் தலையணை கொடுத்து உட்கார வைத்தோம். படம் பளிச்சென்று இருந்தது. பூட்டு மாமாவின் சட்டையில் கோடு இருந்ததே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். அப்பாவும் முன்னால் சாய்ந்து பார்த்தார்.

திரையில் பூட்டு மாமா கதவைத் தட்டினார். மனைவி "யாரு?" என்றாள். அப்பாவின் வாய் திறந்தது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நான்தான். ஜன்னல் வழியா ஏறப் பாத்தேன், வேட்டி கம்பியோட போயிடுச்சு" என்றார் பூட்டு மாமா. அவள் சிரித்தாள்.

அப்பாவின் வாய் மூடிக்கொண்டது.

"இவ்வளவுதானா?" என்றான் தம்பி. "அப்பா சொல்றதுல பாதிக்குத் தேறாதே இது."

அம்மா அவன் சொன்னதைக் கேட்கவில்லை. "அப்ப அது இவரா சொன்னதா?" என்று என்னிடம் கேட்டாள். இத்தனை வருடமும் வேறொருவர் வசனம் என்று எண்ணித்தான் அவளும் கதவைத் திறந்திருக்கிறாள். பிறகு சட்டென்று, "அதை நிறுத்துடா. இவரைப் பேச விடாம அந்த ஆள் பேசிட்டே இருக்கான்" என்றாள்.

"அந்த இடத்துல நிறுத்திக்கலாம்மா" என்றான் தம்பி.

"அவருக்கு அந்தக் கோடு வரணும். அதைப் பாத்தாதான் அவர் முறைன்னு அவருக்குத் தெரியும்."

பீரோ மேலிருந்து கேசட் பையை இறக்கினோம். எங்கள் மெஷின் எப்போதோ செத்துவிட்டது. பழைய கேசட்டுகளை டிஸ்க்காக மாற்றித் தரும் ஸ்டுடியோக்காரரிடம் தம்பி பையைத் தூக்கிக்கொண்டு போனான். அவர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் பூஞ்சை. உள்ள விட்டா என் மெஷினும் சேர்ந்து போயிடும்" என்றாராம். ஒன்று மட்டும் தப்பியிருந்தது. நல்லவேளையாக அதில்தான் அந்தக் கதை இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் தன் மெஷினையே இரவல் கொடுத்தனுப்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே தலையணை, அதே திரை. படம் மங்கலாக, ஓரங்கள் நெளிந்து வந்தது. இந்த முறை அம்மா அப்பாவுக்குப் பக்கத்தில் கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டாள். ரிமோட்டை அவருடைய இடது உள்ளங்கையில் வைத்து, அந்தக் கட்டைவிரல் மேல் தன் விரலை வைத்துக்கொண்டாள்.

"யாரு?" என்றாள் திரையிலிருந்தவள். வெள்ளைக் கோடு ஏறியது. அம்மா அழுத்தினாள். படம் நின்று அந்த மனைவியின் முகம் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

அம்மா கதவுப் பக்கம் பேசுவதைப்போலக் கேட்டாள். "யாரு?"

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். மேல்பல் கீழுதட்டைத் தொட்டது. "வா" என்பதற்கு அங்கேதான் தொடங்க வேண்டும்.

"ஆமா" என்றார் அப்பா.

"இல்லங்க. யாருன்னு கேட்டேன். வெளியில நிக்கிறது யாரு?"

மறுபடியும் உதடு மடங்கியது. நெற்றி வியர்த்தது. வந்தது அதே சொல். படத்தை அதிக நேரம் நிறுத்தி வைத்தால் மெஷின் பொறுக்காது, டேப் தேயாமலிருக்கத் தானாக ஓட விட்டுவிடும். எங்களை எதிர்பாராமல் அது ஓடத் தொடங்கியது. யாரும் எதுவும் சொல்லாமலே அந்த மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"போதும்மா, அப்பா களைச்சுட்டார்" என்றேன்.

அம்மா டேப்பைப் பின்னுக்கு ஓட்டினாள். மறுபடி "யாரு?", மறுபடி வெள்ளைக் கோடு. நிறுத்தினாள். இந்தத் தடவை அவள் கேட்கவில்லை. தொண்டையைச் செருமி, மூக்கால் குரலை இழுத்து அவளே சொன்னாள்:

"இந்த வீட்டுல வாடகை குடுக்காத ஒரே ஆள் வந்திருக்கேன், கதவைத் தொற."

அப்பா சிரித்தார். சிரிப்புக்கு வார்த்தை தேவையில்லை அல்லவா, அது கெடாமல் அப்படியே இருந்தது. வாயின் ஒரு பக்கம் மட்டும் தூக்கிக்கொள்ள, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். முதன்முதலாகக் கேட்பவரின் சிரிப்பு அது. ரிமோட்டை மடியில் போட்டுவிட்டு, இடது கையால் டிவியைச் சுட்டினார். என்னமாகப் பேசுகிறான் பார் இந்த ஆள் என்று சொல்கிற கை.

அம்மா அந்தக் கையைப் பிடித்துத் தன் பக்கம் இறக்கினாள்.

"அவன் இல்லங்க. நீங்க சொன்னது. நீங்கதான் சொன்னீங்க."

"ஆமா" என்றார் அப்பா, கண்ணை டிவியிலிருந்து எடுக்காமல்.

பிறகு தன் கையை அவளிடமிருந்து விடுவித்துக்கொண்டு, விரலை வட்டமாகச் சுற்றிக் காட்டினார். இன்னொரு முறை.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ரிமோட்டை எடுத்து டேப்பைப் பின்னுக்கு ஓட்டினாள்.