ஐந்து தண்ணீர்

முசரவாக்கம் பட்டறைச் சுவரில் ஒட்டியிருந்த தாளை அம்சவேணி இரண்டு முறை படித்தாள். வாங்கியவர்கள் திருப்பி அனுப்பிய நாற்காலிப் பலகைகள் நொறுங்கியதற்குக் காரணம், "நார் அலசியதில் கவனக்குறைவு. பொறுப்பு: அம்சவேணி" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே இன்ஜினியர் லோகேஷின் கையெழுத்து. திங்கள் முதல் அவள் வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி தேவேந்திரனும் எழுதியிருந்தார்.

பதினெட்டு வருஷம் சின்ன காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறையில் பட்டு நூலைச் சோடாவில் வேகவைத்துப் பசையெடுத்த கை அவளுடையது. இங்கே வாழை நாரைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கிறார்கள். மேலிருக்கும் பசை போனால்தான் சோளத்திலிருந்து செய்த மக்கும் பிளாஸ்டிக் நாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் காரம் நாரிலேயே தங்கிவிட்டால், அச்சில் சூடேறும்போது அது பிளாஸ்டிக்கையே அரித்துவிடும். ஈர நாரை உருவினால் விரல் வழுக்கக் கூடாது. அதுவரை தண்ணீர் மாற்ற வேண்டும். அவள் ஐந்து தண்ணீர் மாற்றுவாள். "லேட்டாவுது, ரெண்டு போதும்" என்று விரட்டி நிறுத்த வைத்தது யார்? தாளில் கையெழுத்துப் போட்ட இந்த மகாராஜன்தான்!

தேவேந்திரனும் லோகேஷும் இருந்த ஆபீசுக்குள் நேராகப் போனாள்.

"ஐயா, ரெண்டு பலகை போடச் சொல்லுங்க. ஒண்ணு அவரு சொன்ன மாதிரி, ஒண்ணு நான் அலசற மாதிரி. என்னுது ஒடைஞ்சா நானே போயிடறேன்."

லோகேஷ் சிரித்தான். "இது பட்டு இல்லக்கா. டெஸ்ட் பண்றதுக்கு மிஷின் இருக்குது."

"அந்த மிஷின்லயே வெச்சுப் பாருபா!"

நார் காய்ந்து, பலகைகள் அச்சிலிருந்து வர இரண்டு நாள் ஆனது. லோகேஷே மிஷினில் வைத்து அழுத்தினான். இரண்டு தண்ணீர் பார்த்த பலகை அப்பளம் போல முறிந்தது. அவளுடையது வளைந்ததே தவிர முறியவில்லை. தேவேந்திரனுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"சரிம்மா, போனது போவட்டும். திங்கக்கெழம வந்துடு. லோகேஷ், புது ரிப்போர்ட் போடுபா. இனிமே அஞ்சு தண்ணி."

லோகேஷ் லேப்டாப்பைத் திறந்து, 'எங்கள் ஆய்வின்படி அலசும் முறை மேம்படுத்தப்பட்டது' என்று தட்டினான். அவ்வளவுதான். கண்டுபிடித்தவளும் இல்லை, கெடுத்தவனும் இல்லை.

அவன் தோளுக்குப் பின்னால் நின்று அம்சவேணி அதையும் படித்தாள்.

"தப்புன்னு எழுதறப்போ எம்பேரு தெரிஞ்சுதுல்ல தம்பி? இப்ப இன்னா, மறந்துபூட்டியா? எழுது."

அவன் எழுதி முடிக்கும்வரை அவள் அங்கிருந்து நகரவில்லை.