மெதுவாகச் சுரண்டவும்

1

இது கதையாக வரவேண்டிய விஷயமே இல்லை. ஒரு பக்க அறிவித்தலாக வந்து, கற்பிட்டியில் எங்கள் கோயில் மதிலில் ஒட்டப்பட்டு, அடுத்த மழையில் கரைந்து போயிருக்க வேண்டியது. மீனவர் சங்கச் செயலாளர் அன்ரனிப்பிள்ளை ஒரு பொட்டலம் கட்டாக் கருவாட்டோடு வந்து என் வீட்டுக் கதிரையில் குந்தியபோது கேட்டது அவ்வளவுதான்.

"மாஸ்டர், போன்ல பரிசு விழுந்திருக்கு எண்டு சொல்லிச் சனத்த ஏமாத்துறாங்கள். விளங்கிற மாதிரி எழுதித் தாங்கோ. அஞ்சு பொயின்ற் போதும். ஒரு பக்கத்துக்கு மேல போகவே கூடாது."

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. சண்டை வடக்கே நடந்தது. எங்கள் பக்கம் வந்தது சோதனைச் சாவடியும், கடலுக்குப் போகப் பாஸும், கையடக்கத் தொலைபேசியும். இந்த மூன்றில் கடைசியை மட்டும் நாங்கள் காசு கொடுத்து வாங்கினோம்.

கருவாட்டை வாங்கிவிட்டதால் எழுத உட்கார்ந்தேன். முதலாவது பொயின்ற் அழகாக விழுந்தது: *நீங்கள் வாங்காத சீட்டுக்குப் பரிசு விழாது.* பெருமையோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவதை எழுதப் பேனையை ஊன்றினால், மனக்கண்ணில் மக்தலேனா வந்து நின்றாள். கடற்கரையில் கருவாடு போடும் வாடியில் எல்லாருக்கும் முன்னால் அவள் தன் கதையை நடித்துக் காட்டியதை நானும் நின்று கேட்டிருந்தேன். அவளை ஐந்து பொயின்றுக்குள் அடைக்க முடியவில்லை. அன்ரனிப்பிள்ளை மன்னிக்க வேண்டும். கருவாடு முடிந்துவிட்டது.

2

தொடக்கம் ஒன்று: கற்பிட்டிக் கடலின் மேல் செஞ்சூரியன் மெல்ல மெல்ல—

(வெட்டு. சம்பவம் நடந்தது காலை பத்து மணிக்கு. அதோடு, மக்தலேனா சூரியனை நிமிர்ந்து பார்ப்பது கருவாடு காயுமா என்று அறிய மட்டுமே.)

தொடக்கம் இரண்டு: மக்தலேனா உலகம் தெரியாத ஓர் அப்பாவிப்—

(வெட்டு, வெட்டு. இதை வாசித்தால் என்னையும் கீறி உப்புப் போட்டுப் பாயில் காயவைத்துவிடுவாள்.)

இங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. இந்தப் பெண் இருபது வருடமாக வாடியில் கருவாடு போடுகிறாள். கொழும்பிலிருந்து லொறியோடு வரும் முதலாளிமார் தராசைத் தூக்கினால், முள் ஆடுவதற்கு முன்பே "அந்தத் தட்டுக்குக் கீழ என்ன ஒட்டியிருக்கு?" என்று கேட்பவள். இப்படிப்பட்டவள் ஏமாறுவாளா? வாசகர் நம்புவாரா? பேசாமல் அவளைத் தூக்கிவிட்டு, யாராவது ஒரு மடையனைக் கதைக்குள் போடலாமா என்று யோசித்தேன். ஊர் முழுக்க மனத்தால் தேடியும் பொருத்தமாக அகப்பட்டது நான் மட்டும்தான். எனவே மக்தலேனாவே இருக்கட்டும்.

3

தொடக்கம் மூன்று.

மக்தலேனா கொடுவா மீனுக்குச் செதிள் எடுத்துக்கொண்டிருந்தாள். கை மீனில் இருந்தது, மனம் ஒரு வெள்ளைச் சட்டையில் இருந்தது. அவளுடைய மகள் டொறத்திக்கு ஒன்பது வயது. அடுத்த ஞாயிறு புதுநன்மை, கோயிலில் அவள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். கணக்குக் கொப்பியின் பின்பக்கமெல்லாம் டொறத்தி அந்தச் சட்டையைத்தான் இரண்டு மாதமாகக் கீறிவைத்திருந்தாள்: உப்பிய கை, மூன்றடுக்குச் சுருக்கு, இடுப்பில் பின்னால் கட்டும் பெரிய பட்டி. துணிக்கும் முக்காட்டுக்கும் சப்பாத்துக்குமாகச் சேர்த்த ஐயாயிரம் ரூபாய் அலுமாரிக்குள் பிஸ்கட் ரின்னில் இருந்தது. வெள்ளிக்கிழமை புத்தளத்துக்குப் போய்த் துணி எடுப்பதென்று பேச்சு.

தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம்.

"மெடம், வாழ்த்துக்கள்! உங்கட நம்பருக்கு விழுந்திருக்கு."

மக்தலேனாவின் கையிலிருந்து கத்தி நழுவியது.

"என்ன விழுந்தது? எங்க விழுந்தது? ஆருக்கு?"

அவளுடைய கணவன் வின்சன்ட் விடியவே பாஸ் எடுத்துக்கொண்டு கடலுக்குப் போயிருந்தான். அந்த வருடங்களில் தெரியாத குரல் ஒன்று "விழுந்திருக்கு" என்றால், பரிசு யாருடைய நினைவுக்கும் முதலில் வராது.

"பரிசு, மெடம்! அஞ்சு லட்சம் ரூபாய்!"

வின்சன்டுக்கு ஒன்றுமில்லை. குண்டும் விழவில்லை, ஆளும் விழவில்லை. வெறும் ஐந்து லட்சம்தான் விழுந்திருக்கிறது. அந்த நிம்மதியில் அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. என்னைக் கேட்டால், அவள் ஏமாந்தது ஆசையால் அல்ல, அந்த ஒரு நொடி நிம்மதியால்தான் என்பேன். புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று சொன்ன குரலை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

(இதை எப்படிப் பொயின்ற் ஆக்குவது என்று தெரியவில்லை.)

"உங்கட அடையாள அட்டை இலக்கம், மெடம்?"

மூச்சுவிடாமல் ஒப்புவித்தாள். கடைசி ஆங்கில எழுத்தையும் விடவில்லை.\*

"நல்லது. இனிக் கவனமாக் கேளுங்க. பரிச விடுவிக்க, போனுக்குக் காசு போடுற ஆயிரம் ரூபா ரீலோட் காட் அஞ்சு வேணும். ஒரு மணித்தியாலத்துக்குள்ள வேணும். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதீங்க, மெடம். பொறாமைக்காரர் இருப்பாங்க."

குரல் நல்ல குரல். யாழ்ப்பாணமும் இல்லை, மட்டக்களப்பும் இல்லை. ரேடியோவில் செய்தி வாசிப்பது போன்ற தமிழ்.

\* அடிக்குறிப்பு: சிரிக்க வேண்டாம். வீட்டிலிருந்து சந்தைக்குப் போய் வருவதற்குள் எங்களிடம் மூன்று இடத்தில் இலக்கம் கேட்பார்கள். படகுக்கு இலக்கம், பாசுக்கு இலக்கம், ஆளுக்கு இலக்கம். கேட்டால் சொல்லிவிடுவோம், ஏன் என்று திருப்பிக் கேட்ட வழக்கம் இந்தக் கரையில் இல்லை. ஏமாற்றுகிறவனுக்குப் பாதி வேலையை அந்தப் பழக்கம் ஏற்கெனவே செய்து வைத்திருந்தது.

4

பக்கத்தில் மீன் கீறிக்கொண்டிருந்த பாக்கியம்மா, "என்னடி, ஆர் போன்ல?" என்று கேட்டாள்.

"ஒண்டுமில்ல."

மக்தலேனா வாழ்நாளில் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அடுப்பில் பால் பொங்கினாலும் பாக்கியம்மாவுக்குச் சொல்லிவிட்டுத்தான் இறக்குவாள். எனவே ஏதோ பெரிய விஷயம் என்று வாடி முழுவதற்கும் அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

அவள் வீட்டுக்கு ஓடி, பிஸ்கட் ரின்னைத் திறந்து, செய்னுதீன் நானாவின் கடைக்குப் போனாள்.

(இந்த இடத்தில் கடைக்காரர் அவளைத் தடுத்து நிறுத்தி அறிவுரை சொல்ல வேண்டும் என்பது அன்ரனிப்பிள்ளையின் ஆலோசனை. அந்த நேரத்தில் கடையில் தற்செயலாகச் சங்கச் செயலாளர் ஒருவரும் நின்றிருந்தால் இன்னும் நல்லது என்றார். உண்மையில் கடையில் எந்தச் செயலாளரும் நிற்கவில்லை.)

"அஞ்சு ஆயிரமா? என்ன புள்ள, சவூதிக்கா பேசப் போறீங்க?" என்றார் நானா.

"ஓம், நானா."

அது அவள் சொன்ன இரண்டாவது பொய். நானா ஒரே நாளில் ஐந்து ஆயிரம் ரூபாய் அட்டை விற்றதே இல்லை. சந்தோஷத்தில் ஒரு தொபி மிட்டாயும் கொடுத்தார்.

5

வாடிக்குத் திரும்பி மூச்சு வாங்குமுன் தொலைபேசி அடித்தது.

"எடுத்திட்டீங்களா, மெடம்? வெள்ளி நிறத்தில ஒரு கோடு இருக்கும். அதச் சுரண்டுங்க. உள்ளுக்குள்ள இருக்கிற இலக்கத்த வாசிங்க."

வாசகரே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் எனக்கும் அட்டை சுரண்ட நகம் இருக்கிறது. இருபது வருடம் உப்பில் ஊறிய கையில் நகம் என்ற சாமானே இல்லை. இன்னொன்று: வாடியில் "சுரண்டு" என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான்.

மக்தலேனா தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கினாள். அட்டையை மீன்பலகையில் வைத்து இடது கையால் அழுத்தினாள். கத்தியை எடுத்து, வாலிலிருந்து தலைப்பக்கமாக இரண்டே இழுவை இழுத்தாள். கொடுவா மீனின் செதிளே அந்த இழுவைக்குப் பறக்கும்.

"சுரண்டியாச்சு, தம்பி."

"இலக்கத்தச் சொல்லுங்க, மெடம்."

"இலக்கம் ஒண்டும் இல்லையே. நல்ல வெள்ளையா இருக்கு."

"வெள்ளையா?"

"ஓம். மல்லு வேட்டி மாதிரி."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. "பரவாயில்ல, மெடம். அடுத்தத எடுங்க. மெதுவாச் சுரண்டுங்க."

மெதுவாகச் சுரண்டினாள். அதாவது ஒரு இழுவை.

"இதில ரெண்டு மூண்டு எழுத்து மிஞ்சியிருக்கு. மற்றது கத்தியோட போயிற்று."

"கத்தியா? என்ன கத்தி? நகத்தால சுரண்டுங்க, மெடம், நகத்தால!"

"நகத்துக்கு நான் எங்க போறது?"

மூன்றாவதைக் கத்தியின் முனையால் கிள்ளிக் கிள்ளிச் சுரண்டினாள். அட்டையில் ஓட்டை விழுந்தது. "ஒரு ஏழு தெரியுது, தம்பி. பொறுங்கோ... இல்ல, அது செதிள்."

அப்போதுதான் அந்த ரேடியோத் தமிழ் உடைந்தது.

"ஏய்! உனக்கு மண்டைக்குள்ள ஒண்டும் இல்லையா? மூவாயிரத்த நாசமாக்கிப் போட்டியே! ஒரு காட் சுரண்டத் தெரியாத நீயெல்லாம்..."

மக்தலேனா கத்தியைப் பலகையில் வைத்தாள். மெடம் "நீ" ஆனதை அவள் பெரிதாக எடுக்கவில்லை. கருவாட்டு முதலாளிமார் அதைவிட மோசமாகப் பேசுவார்கள். அவள் கவனித்தது வேறு. அளக்கும்போது பதறுகிறவனுடைய தராசைத்தான் அவள் எப்போதும் திருப்பிப் பார்ப்பாள்.

"தம்பி," என்றாள் மெதுவாக. "காட் என்ர. காசு என்ர. பழுதாப் போனதும் என்ர. நீங்க ஏன் அழுறீங்கள்?"

ஓட்டை விழுந்த அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அஞ்சு லட்சம் தாற ஆளுக்கு மூவாயிரம் போனா இவ்வளவு நோகுமா?"

இணைப்பு அறுந்தது.

(அன்ரனிப்பிள்ளைக்கு: உங்களுடைய ஐந்து பொயின்றும் மேலே இருக்கின்றன. வாங்காத சீட்டு, அவசரம், ஒருவருக்கும் சொல்லாதே, பரிசுக்கு முன்னால் காசு, இரகசிய இலக்கம். தேவையானால் வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள்.)

6

கதையை அந்தக் கேள்வியோடு முடித்திருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் அடுத்த நிமிடம் மக்தலேனா மீன்பலகைக்குப் பக்கத்தில் மணலில் குந்தி அழுதாள். அந்தப் பொறுக்கிக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்பது அவளுக்கு ஆறுதலாக இல்லை. சட்டை போய்விட்டது. தராசின் களவை மோந்து பிடிக்கிற தன்னை ஒரு குரல் வந்து கடைவரை ஓடவைத்துவிட்டதே என்ற வெட்கமும் கூடச் சேர்ந்துகொண்டது. எனக்கும் இந்த இடத்தை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பாக்கியம்மா கிட்ட வந்தாள். இம்முறை மக்தலேனா எல்லாவற்றையும் சொன்னாள்.

மறுநாள் அவன் திரும்பவும் போன் எடுத்தான். மிச்சம் இரண்டு அட்டை இருப்பது அவனுக்கு நினைவிருந்தது. "மன்னிச்சுக்கொள்ளுங்க, மெடம்" என்று தொடங்கினான். மக்தலேனா பக்குவமாக, "ஓம் தம்பி, இந்தா சுரண்டுறன், போனை வையாதேங்கோ" என்று தொலைபேசியைப் பலகையில் வைத்துவிட்டு, ஒரு கூடை மீனைச் சுரண்டத் தொடங்கினாள். இருபது நிமிடம். இடையிடையே பாக்கியம்மா குனிந்து, "கொஞ்சம் பொறுங்கோ, முதல் இலக்கம் தெரியுது போல" என்று சொல்லிக்கொண்டாள். கூப்பிட்டவனுக்குத்தான் காசு ஓடும். அது அவன் கணக்கு.

அந்த இரண்டு அட்டையும் சுரண்டப்படாமலே இருந்தன. நானா அவற்றைத் திருப்பி எடுத்துக்கொண்டு காசைக் கொடுத்தார். பழுதான மூன்றையும் திருப்பிப் பார்த்தார். "பின்னுக்கு ஒரு இலக்கம் ஈக்கி, புள்ள. கம்பனிக்கு எடுத்து அதச் சொன்னா மாத்தித் தருவாங்க."

"இன்னொருத்தனுக்கு போன்ல இலக்கம் சொல்லவோ?"

நானும் போய் விளக்கினேன். இது அப்படியல்ல, அட்டையிலேயே அச்சடித்திருக்கிற இலக்கத்துக்கு நாம்தான் எடுக்கிறோம், அவன் எடுக்கவில்லை என்றேன்.

"அவனும் இப்பிடித்தான் பதமாச் சொன்னான், மாஸ்டர்" என்றாள்.

மூன்று அட்டைகளும் இப்போது அவள் வீட்டில் அந்தோனியார் சுரூபத்துக்குக் கீழே இருக்கின்றன. தொலைந்ததை மீட்டுக் கொடுப்பது அவருடைய பொறுப்பு.

7

முடிவுகள்.

(அ) அவள் மனம் மாறிக் கம்பனிக்கு எடுத்தாள். மூவாயிரம் திரும்பிற்று. வெள்ளிக்கிழமை புத்தளத்தில் துணி எடுத்தாள்.

(ஆ) பக்கத்து வீட்டு அனஸ்தாசியா, தன் மகள் போன வருடம் உடுத்திய சட்டையைக் கொண்டுவந்து, கீழே ஒரு சுருக்கு வைத்துத் தைத்துக் கொடுத்தாள்.

(இ) மக்தலேனாவின் அலுமாரியில், அந்துப்பூச்சிக்குப் போடும் பாச்சாவுருண்டையோடு வெள்ளைத் தாளில் சுற்றியிருந்த கல்யாணச் சேலை இப்போது—

(வெட்டு.)

இதுவரை எழுதியதை மக்தலேனாவுக்கு வாசித்துக் காட்டினேன். கத்தி வந்த இடத்தில் நன்றாகச் சிரித்தாள். அழுத இடத்தில், "இது வேணுமோ?" என்று கேட்டாள், பிறகு "சரி, இருக்கட்டும்" என்றாள். முடிவுகளுக்கு வந்ததும் முகம் மாறிவிட்டது.

"மாஸ்டர், நான் ஏமாந்தத எழுதுங்கோ, எனக்குக் காரியமில்ல. ஊருக்கே தெரியும், டொறத்திக்கும் தெரியும். சட்டை எங்கால வந்தது எண்டத மட்டும் எழுதாதேங்கோ. நீங்க மதில்ல ஒட்டுவீங்கள். அவளுக்கு இப்ப நல்லா வாசிக்கத் தெரியும்."

அந்த ஞாயிறு நானும் கோயிலில் இருந்தேன். உப்பிய கை, மூன்றடுக்குச் சுருக்கு, இடுப்பில் பெரிய பட்டி. கொப்பியில் கீறிய அதே சட்டைதான். டொறத்தி பூசை முடிந்ததும் வெளியே வந்து, எல்லாருக்கும் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். அனஸ்தாசியா வேறு எங்கோ பார்த்தாள். வின்சன்ட் குனிந்து மகளின் சப்பாத்து வாரைச் சரிசெய்தான்.

எனவே முடிவை நான் எழுதப்போவதில்லை. மேலே உள்ளவற்றில் ஒன்றை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். எது சரி என்று கண்டுபிடித்தாலும் தயவுசெய்து ஒருவருக்கும் சொல்லாதீர்கள்.

"ஒருவருக்கும் சொல்லாதே" என்பவனை நம்பவே கூடாது என்று ஐந்து பொயின்றில் ஒன்றாக எழுதியவனும் நான்தான். தெரிகிறது. இந்த ஒரு தடவை மட்டும் நம்புங்கள். கற்பிட்டிப் பக்கம் வந்து, டொறத்தி உங்களைக் கேட்டால், சட்டை புதியது.