ஐடிலில் நிற்காத வண்டி

தையல் வேலைக்கென்று அவள் ஷெட்டைக் கேட்க ஆரம்பித்து இரண்டு வருடமாகிறது. தையல் மெஷின் இன்னும் கட்டிலின் காலடியில்தான் கிடக்கிறது. ஷெட்டில் கணவனின் கார். அவர்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. வீடெல்லாம் பெட்ரோல் வாடை. பாத்திரம் கழுவும் தொட்டியில் கறுப்புப் பிசுக்கு. போன வாரம் ஒருத்தி, குழந்தைக்குத் தைத்த கவுனை முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தாள். அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

விற்றுவிடலாம் என்று அவனும் தலையாட்டியிருந்தான். ஆனால் யாராவது பார்க்க வந்தால் போதும், வண்டி மக்கர் பண்ணும். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஓடும். காலை எடுத்தால் ஐடிலில் நிற்காமல் குலுங்கி அணையும். ப்ளக்கை மாற்றினான். காயிலை மாற்றினான். கார்புரேட்டரையே மாற்றினான். வந்தவர்கள் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள்.

இன்று ஒரு பல் டாக்டர் வந்தார். வண்டியைத் தெருவில் இறக்கிக் கிளப்பினார்கள். குலுங்கியது. கணவன் பானெட்டுக்குள் கையை விட்டு, ஆக்சிலேட்டர் கம்பியை இழுத்துப் பிடித்து அதை அணையாமல் வைத்திருந்தான்.

"காலையில நல்லாத்தானே ஓடுச்சு?" என்றாள். அது சீராக ஓடிய சத்தம் ஜன்னல் வழியாக அவள் காதில் விழுந்திருந்தது.

"அது வேற. உனக்குப் புரியாது."

டாக்டர் குனிந்தார். "உள்ள ஏதோ உறிஞ்சுதே சார். கிளினிக்ல வாயிலேர்ந்து எச்சில் இழுப்போமே, அந்தக் குழாய் சத்தம்."

"வயசான வண்டி டாக்டர். சத்தம் வரத்தான் செய்யும்."

"பல்லு ஆடறவங்களும் இதைத்தான் சொல்வாங்க."

கணவன் சிரித்தான். அந்த ஜோக்குக்கு அவ்வளவு சிரிப்பு தேவையில்லை. அவள் அவனை ஒருமுறை பார்த்துவிட்டு என்ஜின்மேல் குனிந்தாள்.

கார்புரேட்டருக்குக் கீழே பென்சில் தடிமனில் ஒரு குழாய், வாய் திறந்தபடி. சுற்றிலும் எண்ணெய் அழுக்கு. அதன் நுனி மட்டும் பளிச்சென்று இருந்தது. விரலை வைத்தாள். குழாய் விரலைக் கவ்விக்கொண்டது. குலுக்கல் நின்றது.

"கம்பிய விடுங்க."

அவன் விடவில்லை.

"விடுங்கன்னேன்."

விட்டான். என்ஜின் அணையவில்லை. ஒரே சீராக ஓடியது.

"இதுக்கு ஒரு மூடி இருக்கணுமே," என்றார் டாக்டர்.

கணவனின் கை சட்டைப் பைக்குப் போய்ப் பாதியில் நின்றது. அவள் மறு கையை அந்தப் பைக்குள் விட்டாள். சின்ன ரப்பர் மூடி. அவன் வியர்வையில் ஊறி, அட்டைப்பூச்சி போல வழுவழுத்தது.

"ஒவ்வொரு தடவையும் இதைக் கழட்டி வெச்சீங்களா?"

அவன் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் கைக்குட்டையில் விரல்களைத் துடைத்தார். "பிடுங்கறதுதான் என் தொழில். ஆனா இது வேண்டாம்மா. மனசில்லாதவர்கிட்டேர்ந்து வாங்கினா விளங்காது." போய்விட்டார்.

அவர் தெரு திரும்பும்வரை கணவன் காத்திருந்தான். பிறகு அவள் கையிலிருந்து மூடியை எடுத்து மாட்டினான். முகம் மலர்ந்திருந்தது.

"ஐடில்ல எப்படி நிக்குது பாத்தியா? மாத்தின சாமான் ஒண்ணுகூட வீண் போகல."

அவள் பாராட்டுவாள் என்று நிஜமாகவே எதிர்பார்த்தான்.

ஷெட் காலியாக இருந்தது. அவள் ஷட்டரை இழுத்து இறக்கிப் பூட்டினாள்.

"ஏய், வண்டிய எங்க விடறது?"

"நல்லா ஓடுதுல்ல? எங்கயாவது ஓட்டிட்டுப் போங்க."

உள்ளே போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினாள்.