ஏழு மணி பிரெஞ்சு

என் வீட்டுக்காரர் வக்கீல். சிவில் கோர்ட்டில் அவர் எழுந்து நின்றாலே எதிர்த்தரப்பு வக்கீல் வாய்தா கேட்டுவிடுவார் என்று சொல்வார்கள். சொல்வது பெரும்பாலும் அவரேதான். நான் பல் செய்கிறவள். டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து மெழுகில் பல் வடித்து, சூளையில் சுட்டு, பக்கத்துப் பல்லோடு நிறம் ஒத்துப்போகும்வரை மெருகு போட்டுக் கொடுப்பது என் வேலை. அதற்கு வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. கல்யாணமான புதிதில் இந்தப் பொருத்தத்தைத்தான் எல்லாரும் புகழ்ந்தார்கள். ஒருத்தர் பேச ஒருத்தர் கேட்க, வேறென்ன வேண்டும் என்றார்கள்.

வெளிநாட்டில் பிரெஞ்சு பேசும் ஓர் ஊருக்குக் குடிபோகலாம் என்பது என் யோசனை. அங்கே பல் செய்கிறவர்களுக்குத் தட்டுப்பாடாம். இங்கே என் லேப் முதலாளி வருஷக்கணக்காக என்னை அதே மூலை மேஜையில் வைத்திருந்தார். புதிதாக ஒருவர் சேர்ந்தால் அவருக்கு நான் வேலை சொல்லிக்கொடுக்க வேண்டும். கற்றுக்கொண்டதும் அவர் எனக்கு மேலதிகாரி ஆகிவிடுவார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மெருகுச் சக்கரத்தில் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

அந்த ஊரில் புள்ளி போட்டுத்தான் ஆளை எடுக்கிறார்கள். வயதுக்கு, படிப்புக்கு, தொழிலுக்கு, மொழிக்கு என்று தனித்தனியாகப் புள்ளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வக்கீல் லேப்டாப்பைத் திறந்து, யாரையும் கேட்காமல், விண்ணப்பதாரர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டுக் கணக்குப் பார்த்தார். வந்த புள்ளியைப் பார்த்து, "வெப்சைட்ல ஏதோ கோளாறு" என்றார். மறுபடி போட்டார். அதே கோளாறு. அப்புறம் சும்மா போட்டுப் பார்க்கிறவர் மாதிரி என் பெயரைப் போட்டார். புள்ளி மளமளவென்று ஏறியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"அப்ப நான் யாரு?"

"கீழ போட்டிருக்கு பாருங்க. உடன்வரும் துணை."

அந்த வாரம் முழுக்கப் பக்கத்து வீட்டுக்காரரிலிருந்து கோர்ட் கேன்டீன் ஆள் வரை எல்லாரிடமும், "வணக்கம், நான் உடன்வரும் துணை" என்றுதான் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உறுத்தியது என்று எனக்குத் தெரியும்.

நான் மொழித் தேர்வை எழுதித் தட்டுத்தடுமாறித் தேறிவிட்டேன். அப்படியும் கொஞ்சம் புள்ளி குறைந்தது. துணையும் பிரெஞ்சில் பேசிக் காட்டினால் அந்தக் குறை சரியாகிவிடும். இதைப் படித்ததும் எனக்கு நிம்மதிப் பெருமூச்சே வந்தது. எங்கள் பயணம் இவர் வாயை நம்பித்தான் இருக்கிறதென்றால் பெட்டியை இப்போதே கட்டிவிடலாமே!

முதல் தடவை தேர்வில் படுதோல்வி. கோர்ட்டில் பேசுவதுபோலவே பிரெஞ்சிலும் பேசப் பார்த்திருக்கிறார். 'இருப்பினும்' என்று ஆரம்பித்து, 'என்ற காரணத்தினால்' என்று வளைத்து, நடுவழியில் வினைச்சொல் கிடைக்காமல் நின்றுவிட்டார். முகம் தொங்கிப்போய் வந்தவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. எங்களுக்குக் கம்ப்யூட்டர் வழியாகப் பாடம் நடத்திய மேடம் ஒரு பிடி பிடித்துவிட்டார்.

"சார், உங்ககிட்ட இருக்கிறது நாலு வார்த்தை. அத வச்சிக்கிட்டு சின்னச் சின்னதா பேசுங்க. இனிமே தினமும் ஏழுலேருந்து எட்டு வரைக்கும் வீட்டுல பிரெஞ்ச் மட்டும்தான். தமிழ் வாயில வரவே கூடாது, ரெண்டு பேருக்கும்."

அந்த ஒரு மணி நேரம்தான் நாங்கள் வழக்கமாகச் சண்டை போடும் நேரம். இருவரும் வேலை முடிந்து வந்து, பசியோடு, சமையலறையில் இடித்துக்கொண்டு நிற்கும் நேரம். முதல் நாளே ஈரத் துண்டைப் படுக்கையில் போட்டிருந்தார். தமிழாக இருந்திருந்தால் துண்டில் ஆரம்பித்து, அவர் வளர்ந்த வளர்ப்பைத் தொட்டு, கல்யாணத்தன்று என் சித்தப்பாவுக்கு நடந்த அவமரியாதை வரை போயிருப்பேன். பிரெஞ்சில் எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்:

"துண்டு. படுக்கை. ஏன்?"

அவர் வெகுநேரம் யோசித்தார். தமிழில் இதற்கு மூன்று ஆட்சேபணைகளும் ஒரு முன்தீர்ப்பும் வைத்திருப்பார்.

"மன்னிக்கவும். துண்டு என்னுடையது" என்றார்.

எடுத்து மாட்டினார். பாக்கிச் சண்டையை எட்டு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தேன். எட்டு மணிக்கு என்ன சண்டை என்பதே மறந்துபோயிருந்தது.

இப்படியே வாரங்கள் ஓடின. 'உப்பு அதிகம்' என்றால் 'ஆம், அதிகம்' என்றுதான் பதில் சொல்ல முடிந்தது. உப்பை யார் வாங்கி வந்தது என்று விசாரணை நடத்த வார்த்தை இல்லை. மாடியில் குடியிருக்கும் என் நாத்தனாருக்கு இது பொறுக்கவில்லை. எங்கள் சத்தம் கேட்டால்தான் அவருக்குப் பொழுது போகும். ஒருநாள் ஏழே காலுக்கு இறங்கி வந்து தம்பியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"என்னடா, ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையா? ஒரு சத்தத்தையும் காணோம். மனசே கேக்கல எனக்கு."

வக்கீல் கடிகாரத்தைக் காட்டி, பிரெஞ்சில், "அக்கா, நாங்கள் நலம்" என்றார். நாத்தனார் பயந்துபோய் என்னிடம் வந்து, "இவனுக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். விளக்கிச் சொல்லி மேலே அனுப்புவதற்குள் எட்டாகிவிட்டது.

ஆனால் எனக்கு உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. இவருக்கு நிஜமாகவே வர மனசிருக்கிறதா? பேச்சால் சம்பாதித்த பெயரை இங்கே விட்டுவிட்டு, பேச்சே எடுபடாத ஊருக்கு வர வேண்டும். நான் ஆசைப்பட்டதற்காக இந்த மனிதரை இழுத்துக்கொண்டு போகிறேனா? தமிழில் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தேன். பிடி கொடுக்கவே மாட்டார். "வரமாட்டேன்னு நான் எப்பவாவது சொல்லியிருக்கேனா?" என்பார். அதில் எங்கே பதில் இருக்கிறது?

ஒருநாள் மேடம் கொடுத்த வீட்டுப்பாடம், ஒருவர் கேள்வி கேட்க மற்றவர் பதில் சொல்வது. அவர் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தார். பாடத்தில் இருந்த கேள்விகளெல்லாம் தீர்ந்த பிறகு, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"உங்களுக்கு அங்கே போக விருப்பமா?"

கத்தி நின்றது. அவர் வழக்கம்போல் சுற்றி வளைக்கப் பார்த்தார் என்பது முகத்தில் தெரிந்தது. வளைக்க வார்த்தை இல்லை.

"எனக்குப் பயம்," என்றார். "இங்கே நான் வக்கீல். அங்கே நான் யாரும் இல்லை."

இத்தனை வருஷத்தில் 'எனக்குப் பயம்' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. தமிழாக இருந்தால் ஏதேதோ ஆறுதல் சொல்லி அதை மூடி மறைத்திருப்பேன். பிரெஞ்சில் எனக்கும் ஆறுதல் தெரியாது.

"எனக்கும் பயம்," என்றேன்.

தலையாட்டினார். மிச்சக் கேரட்டை இருவரும் சேர்ந்து நறுக்கினோம். எட்டு அடித்ததும் தமிழில் சொன்னேன்: "வேணாம்னா விட்டுடலாங்க. நிஜமாத்தான் சொல்றேன்."

"வேணாம்னு நான் எங்க சொன்னேன்?"

"அப்ப கொஞ்சம் முன்னாடி பயம்னு சொன்னது யாராம்?"

"அது பிரெஞ்ச்ல சொன்னது. இங்க செல்லாது," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஆனால் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை என்பதும், வேண்டும் என்றும் சொல்லவில்லை என்பதும் அப்படியே நின்றுவிட்டன.

இரண்டாம் தேர்வுக்கு நானும் கூடப் போனேன். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தவர், "காபி சாப்பிடலாம்" என்றார். என்ன கேட்டார்கள் என்றேன். எதற்காகக் குடிபோகிறீர்கள் என்று கேட்டார்களாம். என்ன சொன்னீர்கள் என்றேன்.

"சொன்னேன். புரிஞ்சுதுன்னு தலையாட்டினாங்க," என்று அதையும் மென்று விழுங்கிவிட்டார்.

முடிவு வந்த அன்று நான் லேபில் இருந்தேன். அவர் போன் செய்து, "உடன்வரும் துணை பாஸ்" என்றார். புள்ளி சரியாகிவிட்டது. கையிலிருந்த பல்லை ஜாக்கிரதையாகக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். பக்கத்து மேஜைக்காரி மெருகுத்தூள் கண்ணில் விழுந்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். சந்தோஷம்தான். ஆனால் இனி கூப்பிட்டால் போயே ஆக வேண்டும் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

ராத்திரி நாத்தனார் இறங்கி வந்து நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் எதையும் மனதில் வைத்துக்கொள்கிற ரகம் இல்லை.

"இவ இருக்காளேன்னு பாக்காத. என்கிட்ட உண்மையைச் சொல்லு. நீ இஷ்டப்பட்டுப் போறியா, இல்ல இவ இழுத்துட்டுப் போறாளா?"

நான் அடுப்பு மேடையைத் துடைப்பதை நிறுத்தவில்லை. ஆனால் காது முழுக்க அங்கேதான். இப்போது மணி ஒன்பதை நெருங்கியிருந்தது. இது தமிழ் நேரம். என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். போகமாட்டேன் என்று நான் எப்போதாவது சொல்லியிருக்கிறேனா என்பார்.

வக்கீல் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்.

"எனக்குப் பயமா இருக்கு அக்கா. அங்க எனக்கு வேலை இல்ல. முதல்ல நான் சமைப்பேன். இவ வேலைக்குப் போவா. இவ நல்லா வேலை செய்யறவ. இங்க யாரும் பாக்கல. அங்க பாப்பாங்க. அத நான் பாக்கணும். எனக்குப் போகணும். அன்னிக்குப் பரீட்சையிலயும் இதத்தான் சொன்னேன்."

நாத்தனார் தம்பியை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னடா இது, புதுசா பேசக் கத்துக்கிட்டவன் மாதிரி பேசற?"

அவர் என் பக்கம்கூடத் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.