யாழினியிடம் சொல்லாமல் போனவர்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை. என் மனைவி அமுதவல்லி பள்ளிபாளையத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். சோறு போடும்போது அவள் சொன்னதைத் திருடிக்கொண்டேன்.

முதல் வரி இப்படி இருந்தது: 'யாழினியின் அப்பா மாதேஷ் இறைவனடி சேர்ந்து பதினேழு நாட்கள்...'

"செத்துட்டாருன்னே எழுதுங்க," என்றாள் அமுதவல்லி. "சாமிகிட்ட போயிட்டாருன்னு சொன்னா, எந்த பஸ்ஸுல போனாருன்னு கேக்குதுங்க எங் கிளாஸ் பிள்ளைங்க."

சரி, செத்துவிட்டார். தறி ஓட்டுகிறவர், மாரடைப்பு. [இங்கே மழை பெய்ய வைத்திருந்தேன். அன்று நல்ல வெயிலாம். அடித்துவிட்டேன்.]

2

யாழினி பள்ளிக்குத் திரும்பினாள். மணி அடித்ததும் ஒருவருக்கொருவர் "போயிட்டு வாரேன்" என்று கத்தாமல் அந்த வகுப்பில் யாரும் வெளியே போனதில்லை. அவளிடம் மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நழுவினார்கள். மூன்று நாள் இப்படி. நான்காம் நாள் மதியம் டீச்சரிடம் வந்து நின்றாள்.

"எங்கூட யாருமே சேர மாட்டேங்கறாங்க. நாளையிலிருந்து நான் வர மாட்டேனுங்க டீச்சர்."

[இந்த இடத்தில் அவள் வகுப்புத் தோழன் தர்ஷனை வில்லனாக்கப் பார்த்தேன். பாவம், பையன் அதற்குச் சரிப்படவில்லை.]

3

கடைசி பீரியடில் அமுதவல்லி கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு, யாழினியிடம் மட்டும் ஏன் சொல்லாமல் போகிறீர்கள் என்று வகுப்பிடமே கேட்டாள். தர்ஷன்தான் எழுந்தான்.

"எழவு ஊட்டுல போயிட்டு வாரேன்னு சொல்லக் கூடாதுங்க டீச்சர். எங்கம்மா சொல்லுச்சு."

அடடா! சாவு வீட்டில் சொல்லாமல் கிளம்புவதுதான் நம் வழக்கம். பிள்ளைகள் யாழினியையே சாவு வீடாக்கிவிட்டார்கள். கேட்டபோது முதலில் சிரித்துவிட்டேன், பிறகு சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"அது ஊட்டுல, கண்ணு," என்றாள் அமுதவல்லி. "இது பள்ளிக்கூடம், இங்க எல்லாமே பேசலாம். யாழினி அப்பாவப் பத்தி யாருக்கு என்ன ஞாபகம்?"

"ஸ்கூல் கேட்டு பக்கத்துல வண்டிய நிறுத்திச் சேவலாட்டக் கூவுவாருங்க!" என்றான் ஒரு பையன்.

வகுப்பே கூவியது. யாழினி விருட்டென்று எழுந்தாள்.

"டேய், அது சேவலில்லடா, மயிலு!"

அகவியும் காட்டினாள். ஹெச்.எம். பதறி ஓடிவந்தார். யாழினி சிரித்தாள், அழுதாள், மறுபடி அகவினாள்.

4

முடிவு மூன்று எழுதினேன். ஒன்றில் பள்ளிக்கூடக் கூரையில் நிஜ மயிலே வந்து உட்கார்ந்தது.

"ஏனுங்க, கொஞ்சமாச்சும்..." என்றாள் அமுதவல்லி. வாக்கியத்தைக்கூட முடிக்கவில்லை. மூன்றையும் கிழித்துவிட்டேன்.

மணி அடித்துவிட்டது. யாழினி வாசலில் நிற்கிறாள். தர்ஷன் முதல் ஆளாக "போயிட்டு வாரேன் யாழினி" என்றான். ஒவ்வொருவராக இருபத்தாறு பேரும் சொல்லியாயிற்று. நாளைக்கு வருகிறேன் என்று அவள் இன்னும் சொல்லவில்லை.

இதைப் படிக்கிற உங்களுக்கும் கடைசி பெஞ்சில் ஓர் இடம் போட்டு வைத்திருந்தேன். எழுந்து பையை மாட்டுங்கள். அவள் உங்களைத்தான் பார்க்கிறாள்.